பெயரை நீக்கிவிட்டால் போதுமா?

கேள்வி: அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து பழங்குடி மக்கள், தங்கள் ரத்த மாதிரி, மரபணு விவரம், மொழிப் பதிவு எல்லாம் தங்கள் கட்டுப்பாட்டில்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு என்ன உரிமை? ஆள் பெயரை நீக்கிவிட்டுத்தானே ஆய்வில் பயன்படுத்துகிறார்கள்? ஒவ்வொரு சமூகமும் இப்படிக் கிளம்பினால் மருத்துவ ஆராய்ச்சி என்னாவது?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கையெழுத்து என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். அது எப்படி வாங்கப்பட்டது என்பதை ஒரு வழக்கை வைத்தே பார்ப்போம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் சுபாய் என்றொரு ஊர். சாலை கிடையாது. எட்டு மைல் நடக்க வேண்டும்; இல்லையென்றால் குதிரை, ஹெலிகாப்டர். தபால்கூடக் கோவேறு கழுதை முதுகில்தான் போகிறது. அங்கு வாழும் ஹவாசுபாய் பழங்குடியினர் சுமார் 650 பேர். அவர்களைச் சர்க்கரை நோய் ஆட்டிப்படைத்தது. கால் எடுக்கப்பட்டவர்கள் உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்ளப் பள்ளத்தாக்கை விட்டே வெளியேறியவர்கள் உண்டு. 1990 வாக்கில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து, நோய்க்குக் காரணம் தேட ரத்தம் கேட்டபோது, கையை நீட்டினார்கள். எந்த மக்களும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அவர்களிடம் வாயால் சொல்லப்பட்டது சர்க்கரை நோய். படிவத்தில் இருந்ததோ, நடத்தை மற்றும் மருத்துவக் கோளாறுகளின் காரணங்களை ஆராய்வது என்ற பொதுப்படையான வரி. கையெழுத்திட்டவர்களில் பலருக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழி. அதே ரத்தம் பிறகு மனச்சிதைவு நோய் பற்றிய ஆய்வுக்குப் போனது. நெருங்கிய உறவுக்குள் நடக்கும் திருமணங்களின் விளைவை அளக்கப் போனது. அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று தேடவும் போனது. இதெல்லாம் அந்த மக்களுக்குத் தெரியவே தெரியாது. 2003இல் கார்லெட்டா டிலூசி என்ற ஹவாசுபாய்ப் பெண், அதே பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட ஆய்வின் வாய்மொழித் தேர்வுக்குப் போனார். மேடையில் பேசப்படுவது தன் மக்களின் ரத்தம் என்று புரிந்ததும் எழுந்து, இதற்கு அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டார். விஷயம் வெளியே வந்தது அப்படித்தான்.

2004இல் வழக்குத் தொடர்ந்தார்கள். 2010இல் பல்கலைக்கழக நிர்வாகம் சமரசத்துக்கு வந்து 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்தது. மிச்சமிருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது. ஆனால் சமரசத்தில் முடிந்ததால், பிற பழங்குடிகள் காட்டி வாதாடத் தீர்ப்பு என்று ஒன்று வரவில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பெயரை நீக்கினால் காப்பாற்றப்படுவது தனி ஆள். ஹவாசுபாய் மக்களிடம் மனச்சிதைவு, உறவுக்குள் கலப்பு என்று ஒரு கட்டுரை வந்தால், அதில் யாருடைய பெயரும் தேவையில்லை. 650 பேரின் மீதும் அந்த முத்திரை விழும். ரத்தமே கொடுக்காதவர் மீதும் விழும், நாளை பிறக்கப்போகும் குழந்தை மீதும் விழும். தனிநபர் ஒப்புதல் படிவத்தில் இதற்கு இடமே இல்லை. என்னைக் கேட்டால், இந்த உரிமைக் கோரிக்கையின் உயிர்நாடியே இதுதான்.

முன்னோர் பற்றிய ஆய்வில் என்ன கெடுதல் என்று உங்களுக்குத் தோன்றலாம். தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது ஹவாசுபாய் நம்பிக்கை. 1882இல் அமெரிக்க அரசு அவர்களை 518 ஏக்கருக்குள் ஒடுக்கியது. பல பத்தாண்டுகள் போராடி, 1975இல்தான் சுமார் 1,85,000 ஏக்கரைத் திரும்பப் பெற்றார்கள். இது எங்கள் பூர்வீக மண் என்று சொல்லி நிலத்தை மீட்ட மக்களிடம், அவர்கள் ரத்தத்தை வைத்தே நீங்கள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று நிறுவுவது சும்மா ஓர் அறிவுத் தேடல் இல்லை. அந்த ஆய்வு அறிவியல்படி சரியாகவே இருக்கலாம். சர்க்கரை நோய்க்கென்று கொடுத்த ரத்தத்தில் அதைச் செய்யும் உரிமையை ஆய்வாளர்களுக்கு யார் கொடுத்தது?

மொழிப் பதிவு விஷயமும் இதேதான். நியூசிலாந்தின் பழங்குடியினர் மவோரி மக்கள். அந்நாட்டின் வடகோடியில் டே ஹிகு மீடியா என்ற மவோரி ஒலிபரப்பு நிறுவனம், 2018இல் தன் மக்களைத் திரட்டிப் பத்தே நாளில் 300 மணி நேரத்துக்கு மேல் மவோரிப் பேச்சைப் பதிவுசெய்து, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளைத் தானே உருவாக்கியது. வெளி நிறுவனங்கள் கேட்டபோது அந்தத் தரவைத் தரவில்லை. பள்ளியில் மவோரி பேசியதற்காக அடி வாங்கிய தலைமுறை அங்கே இருக்கிறது. அன்று அடித்துப் பிடுங்கிய மொழியை நாளை ஒரு கம்பெனி அவர்களுக்கே காசுக்கு விற்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்.

ஒவ்வொரு சமூகமும் கிளம்பினால் என்கிறீர்கள். ஹவாசுபாய் என்பது அமெரிக்க அரசே அங்கீகரித்த, தேர்ந்தெடுக்கப்பட்ட தனி மன்றம் உள்ள பழங்குடி அரசு. 2007இல் ஐநா பொதுச்சபை ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 31ஆவது பிரிவு, மரபணு வளங்கள் மீதும் அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது. அதை எதிர்த்து ஓட்டுப் போட்டவை நான்கே நாடுகள்: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. யாருடைய நிலத்தில் யார் நாடு அமைத்தார்கள் என்று பார்த்தால் காரணம் புரியும். பின்னர் நான்கும் ஆதரவுக்கு மாறின.

அப்புறம், மருத்துவ ஆராய்ச்சி. அமெரிக்காவின் இன்னொரு பழங்குடியினரான நவஹோ மக்கள் 2002இல் தங்கள் பகுதியில் மரபணு ஆய்வுக்கே தடை போட்டார்கள். ஆராய்ச்சி நிற்பது நம்பிக்கை உடைந்த இடத்தில்தான். பழங்குடியினர் அறிவியலுக்கு எதிரி என்ற எண்ணம் இருந்தால் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஷயான் ரிவர் சூ பழங்குடிப் பகுதியில், 2018இல் பழங்குடி விஞ்ஞானிகளே ஒரு உயிர் மாதிரிக் காப்பகம் தொடங்கினார்கள். ரத்தமும் மரபணு விவரமும் அங்கேயே இருக்கும். யார் தொடலாம், எதற்குத் தொடலாம் என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். ஆய்வு செய்ய விரும்புகிறவர் அங்கே போய்க் கேட்க வேண்டும். வேறொரு ஆய்வுக்கு வேண்டுமென்றால் திரும்பவும் கேட்க வேண்டும்.