ஃபுட் ஸ்டாம்ப் கதையைச் சொல்லி வாக்குக் கேட்பது நடிப்பா?

கேள்வி: சிறு வயதில் ஃபுட் ஸ்டாம்பில் (ஏழைகள் உணவு வாங்க அரசு தரும் உதவியில்) வாழ்ந்தோம் என்று சொல்லி, ஜனநாயகம், வாய்ப்பு, நடுத்தர வர்க்கம் என்று மேடைக்கு மேடை பேசும், அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான ராஜா கிருஷ்ணமூர்த்தி போன்ற குடியேறிய அரசியல்வாதிகளை எப்படிப் பார்க்கிறீர்கள்? எல்லாம் வாக்குக்கான நடிப்புதானே?

"நடிப்புதானே" என்ற அந்தக் கடைசிச் சொல்தான் என்னை எழுத உட்கார வைத்தது. நீங்கள் அமெரிக்காவுக்கு வந்து மூன்று நான்கு ஆண்டுகள் ஆனவர் என்றும், ஒரு மாதச் சம்பளம்கூட இதுவரை தவறாதவர் என்றும் ஊகிக்கிறேன். ஊகம் தவறென்றால் மன்னிக்கவும். நான் சிகாகோவின் வடமேற்குப் புறநகர் ஒன்றில், கிருஷ்ணமூர்த்தியின் எட்டாவது தொகுதி என்று சொல்லப்படும் பகுதியில், 2004 முதல் வசிப்பவன். அவருடைய கட்சிக்காரன் அல்லன். இந்திய அரசியல் தொடர்பான அவருடைய நிலைப்பாடுகள் சிலவற்றில் எனக்கு உடன்பாடும் இல்லை. ஆகவே பின்னூட்டத்தில் என்னைக் கொடி பிடிப்பவன் என்று யாரும் திட்ட வேண்டாம்.

முதலில் அவருடைய கதை. 1973-இல் புது தில்லியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மூன்று மாதக் குழந்தையாக நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவுக்கு வந்தவர். தந்தை பொறியியல் மேற்படிப்புக்காக வந்திருந்தார். எழுபதுகளின் பொருளாதார மந்தத்தில் குடும்பம் அரசுக் குடியிருப்பிலும் ஃபுட் ஸ்டாம்பிலும் வாழ்ந்ததாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பிறகு தந்தைக்கு இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவில் பேராசிரியர் வேலை. மகனுக்குப் பிரின்ஸ்டன், ஹார்வர்டு. 2010-இலும் 2012-இலும் உட்கட்சித் தேர்தல்களில் தோற்று, 2016-இல் வென்று, 2017 ஜனவரியில் பகவத் கீதையின் மீது உறுதிமொழி எடுத்தார்.

இந்தக் கதையிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாங்கள் உழைத்தோம், முன்னேறினோம் என்று அவர் நிறுத்திக்கொள்வதில்லை. இந்நாட்டு மக்களின் தாராளம் எங்களைத் தாங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். நம்மவர்கள் பெரும்பாலும் முதல் பாதியை மட்டும்தான் சொல்வார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். இரண்டாம் பாதியை என் அம்மாவிடம்கூட இன்றுவரை சொன்னதில்லை.

2009 தொடக்கத்தில் நான் எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவில், ஒரு சிறிய கன்சல்டிங் நிறுவனத்தின் ஊழியனாக இருந்தேன். பிராஜெக்ட் முடிந்ததும் என்னைப் பெஞ்சில், அதாவது அடுத்த பிராஜெக்ட் வரும்வரை வேலையில்லாமல், உட்கார வைத்தார்கள். பெஞ்சில் இருக்கும் காலத்துக்கும் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆனால் அவர்கள் கொடுக்கவில்லை, விசா போய்விடுமோ என்ற பயத்தில் நானும் புகார் செய்யவில்லை. மூன்று மாதங்கள் இப்படியே போயின. வாடகை மட்டும் 1,050 டாலர். எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைக்கத் தொடங்கியதே 2015-இல்தான் என்பதால், மனைவி சம்பாதிக்கவும் வழியில்லை. மகனுக்கு ஒன்றரை வயது.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, டவுன்ஷிப் என்னும் உள்ளாட்சி அலுவலகத்தில் இயங்கிய, இலவசமாக உணவுப் பொருள் தரும் ஃபுட் பேன்ட்ரிக்குப் போனேன். தெரிந்த தமிழ்க் குடும்பம் ஏதாவது பார்த்துவிடக் கூடாதே என்று, காரை நூலக வளாகத்தில் நிறுத்திவிட்டு நடந்துதான் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த வயதான அம்மையார் என் மின்கட்டண ரசீதில் முகவரியை மட்டும் பார்த்தார்; வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். விசாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு பவுண்டு அரிசி, ஒரு பாட்டில் பீநட் பட்டர், ஓரம் நசுங்கிய கொண்டைக்கடலை டப்பாக்கள் நான்கு. குழந்தை இருக்கிறது என்று தெரிந்ததும் எழுந்து உள்ளே போய், ஒரு டயப்பர் பொட்டலத்தையும் எடுத்துவந்து தள்ளுவண்டியில் வைத்தார். நாள் முழுவதும் ஆங்கிலம் பேசிப் பிழைத்தவனுக்கு அந்த நேரத்தில் நன்றி சொல்ல வாய் வரவில்லை. அந்த வாரம் எங்கள் வீட்டில் தினமும் சுண்டல்தான்.

இங்கே பிறந்த குடிமகன் என்பதால் என் மகன் பெயரில் ஃபுட் ஸ்டாம்புக்கே விண்ணப்பித்திருக்க முடியும். ஆனால் நண்பர் ஒருவர், அதை வாங்கினால் அரசுக்குச் சுமை என்று எழுதிப் பச்சை அட்டையை (நிரந்தரமாகத் தங்கும் உரிமையை) மறுத்துவிடுவார்கள் என்று பயமுறுத்தினார், நானும் நம்பினேன். 1999-இல் வெளியான வழிகாட்டுதலின்படி உணவு உதவி அந்தக் கணக்கிலேயே வராது என்பது எனக்குத் தெரிந்தபோது, என் பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான். பின்னர் 2020-இல் அதையும் கணக்கில் சேர்த்தார்கள், 2021-இல் நீக்கினார்கள். இந்தக் குழப்பத்துக்கு நடுவில் தகுதியுள்ளவனும் ஒதுங்கித்தான் போவான்.

ஆகவே கிருஷ்ணமூர்த்தி அந்தக் கதையைச் சொல்வதை நடிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாக்குக்காகவும் சொல்கிறார், அரசியல்வாதி வேறு எதற்காகச் சொல்வார்? ஆனால் வாய்ப்பு என்பது சட்டத்தில் யாரோ எழுதி வைப்பதால் கிடைப்பது என்பதை அந்தக் கதை ஒப்புக்கொள்கிறது. என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. 1996-இல் நிறைவேறிய நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம், பச்சை அட்டை பெற்ற பெரியவர்களிலேயே பெரும்பாலோருக்கு ஃபுட் ஸ்டாம்பை மறுத்தது; 2002-இல் அதைத் தளர்த்திய பிறகும் அவர்கள் ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். எச்-1பி ஊழியருக்கு அறவே கிடையாது. அந்த 1996 சட்டத்தில் கையெழுத்திட்டவர் கிருஷ்ணமூர்த்தியின் சொந்தக் கட்சியின் ஜனாதிபதி கிளிண்டன். தம் குடும்பத்தைத் தாங்கிய கதவு இன்று வருபவர்களுக்கு எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்பதையும் அதே மூச்சில் அவர் சொன்னால், நான் இன்னும் பலமாகக் கை தட்டுவேன்.

நடுத்தர வர்க்கம் பற்றிய பேச்சில் வெறும் சொல் மட்டும் இல்லை. தொழிற்கல்விக்கான கூட்டாட்சி நிதியைப் புதுப்பித்த 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தை, குடியரசுக் கட்சியின் கிளென் தாம்சனோடு சேர்ந்து கொண்டுவந்தவர் அவர். ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் போகும் நிதி அது. நான்கு ஆண்டுப் பட்டம் இல்லாதவரும் நடுத்தர வர்க்கம்தான் என்பது அதன் உட்பொருள். இதை எங்கள் வட்டாரத் தமிழ் விழாக்களில் சொல்லிப் பாருங்கள்! அதே மகன் இப்போது சமுதாயக் கல்லூரியில் ஏசி, ஹீட்டர் பழுதுபார்ப்புத் தொழில் படிக்கிறான். எந்த யுனிவர்சிட்டி என்று கேட்டவர்கள், பதிலைக் கேட்டதும் என் முகத்தைப் பார்க்காமல் பாயசக் கிண்ணத்தைப் பார்க்கிறார்கள். ஜனவரியில் ஃபர்னஸ் நின்றுபோனால் இவர்களே அவனைத்தான் தேடுவார்கள். சரி, அது என் சொந்த ஆத்திரம், விட்டுவிடுகிறேன்.

ஜனநாயகம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் ஆசிய உறுப்பினரான தலிப் சிங் சௌந்த் 1920-இல் பஞ்சாபிலிருந்து வந்தவர். 1923-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 1946-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இந்தியர் குடியுரிமை பெற வழியே இல்லை. அவர் 1949-இல் குடிமகனாகி, 1956-இல் கலிபோர்னியாவிலிருந்து தேர்வானார். அவரோடு ஒப்பிட்டால் என் காத்திருப்பு ஒன்றுமில்லை. இருந்தாலும் பதினான்கு ஆண்டுகள் வரி கட்டிய பிறகுதான், 2018 நவம்பரில், முதல்முறை வாக்களித்தேன். வாக்கில்லாத அத்தனை ஆண்டுகளிலும் நான் யாருடைய பிரதிநிதித்துவத்திலும் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது தவறு. தொகுதிகளைப் பிரிக்கும் மக்கள்தொகைக் கணக்கில் குடிமக்கள் அல்லாதவரும் அடங்குவர். என் மைத்துனரின் பச்சை அட்டை விண்ணப்பம் எந்தப் பதிலும் இல்லாமல் கிடந்தபோது, தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில்தான் உதவி கேட்டோம். நீங்கள் குடிமகனா, யாருக்கு வாக்களித்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. தனிப்பட்ட விவரங்களை அரசுத் துறையிடம் கேட்க ஒப்புதல் தரும் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள். விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். ஆறு வாரத்தில் பதில் வந்தது.

உங்களுக்கும் அப்படி ஏதாவது கோப்பு தூங்கிக்கொண்டிருந்தால், நடிப்பா இல்லையா என்ற ஆராய்ச்சியைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்துவிட்டு, உங்கள் தொகுதி அலுவலகத்தை அழையுங்கள். படிவத்தில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்; நாங்கள் இனிஷியலை விரித்து எழுதாததால் ஒரு வாரம் வீணாயிற்று.