மெஷின் வாங்குவதற்கு முன்பே ஆரம்பிக்கிற வேலை

வணக்கம் அம்மா. "மெஷின் ரிப்பேர் பார்க்கவா நாலு வருஷம் பயோமெடிக்கல் படிக்கிறா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். ரிப்பேரும் உயிர் காக்கும் வேலைதான். ஆனால் உங்கள் மகள் என்னிடம் கேட்டது வேறு: அடுத்து வரப்போகும் மருத்துவக் கருவிகளை முன்கூட்டியே ஆராய்ந்து அரசுக்குச் சொல்லும் வேலை உண்டா? உண்டு. ஹாரிஸான் ஸ்கேனிங் என்பார்கள்.

ஒரு அரசு மருத்துவமனையில் புத்தம்புது ரத்தப் பரிசோதனைக் கருவியைப் பார்த்தேன். மேலே பழைய பெட்ஷீட் போர்த்தியிருந்தது. திரையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. அதற்கான ரீஏஜென்ட், அதாவது பரிசோதனைக்கு ஊற்றும் ரசாயனம், வாங்கப் பணம் ஒதுக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள். இன்றும் மனசு ஆறவில்லை.

நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோய் அறிகுறியைச் சொல்லும் கணினி மென்பொருளை 2021-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆனால் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான். அப்படியானால் குழந்தைகளுக்கு என்ன வழி? சந்தேகம் என்று மென்பொருள் சொன்னவர்களுக்கெல்லாம் சளிப் பரிசோதனை செய்ய லேப் தாங்குமா? பேட்டரி, நெட்வொர்க், வருடாந்தரச் செலவு? டெண்டர் விடும் முன் இதையெல்லாம் கேட்பதுதான் அந்த வேலை.

இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. நம் நாட்டில் இதற்கு மிக நெருக்கமானது, மருத்துவத் தொழில்நுட்பங்களின் பயனையும் செலவையும் மதிப்பிட மத்திய அரசு 2017-ல் தொடங்கிய ஹெச்.டி.ஏ. (ஹெல்த் டெக்னாலஜி அசெஸ்மென்ட்) இந்தியா என்ற அமைப்பு. மறுமுறை பயன்படுத்த முடியாத ஊசி தரும் பயன் அதன் விலைக்குத் தகுமா என்பதுகூட அவர்கள் ஆராய்ந்த கேள்விதான். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இதில் பங்கெடுக்கின்றன.

எலக்ட்ரானிக்ஸ் மட்டும் போதாது. புள்ளியியலும் சுகாதாரப் பொருளாதாரமும் கட்டாயம் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., ஸ்ரீ சித்திரை மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். நல்ல வழி. பொது சுகாதார முதுகலையும் படிக்கலாம், தகுதி விதிகளை மட்டும் முதலில் பாருங்கள். ஒன்றை மறைக்க மாட்டேன்: இங்கே நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, ஆரம்பத்தில் பெரும்பாலும் ப்ராஜெக்ட் ஒப்பந்தம்தான். வீட்டில் கடன் இருந்தால் முதல் இரண்டு வருடம் மருத்துவமனை வேலையிலேயே இருக்கட்டும். அந்த அனுபவம் பின்னால் மிகவும் கைகொடுக்கும்.

சரி, இந்த லீவில் அனுமதி வாங்கிக்கொண்டு பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். சும்மா கிடக்கும் கருவிகள் எவை, ஏன் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். அந்த நோட்டோடு இருவரும் வாருங்கள், மீதியைப் பேசுவோம்.