வீட்டு முன்னால் நடும் தேர்தல் பலகை வாக்கை மாற்றுமா? – கேள்வி பதில்

அமெரிக்காவில் தேர்தல் நெருங்கினால் வீட்டுப் புல்வெளிகளில் வேட்பாளர் பெயர் தாங்கிய பலகைகள் முளைத்துவிடும். அவற்றால் பயன் உண்டா என்று இங்கு வாழும் தமிழர்கள் பலர் கேட்டிருந்தார்கள். உள்ளூர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்துக்கான தேர்தல்களில் தன்னார்வலராக வேலை செய்பவள், பிரசாரம் குறித்த ஆய்வுகளை விடாமல் படிப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

எடிசன், நியூ ஜெர்சி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் அம்மா. பலகையால் ஓட்டு கூடுமா?

கூடும், கொஞ்சம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டொனால்டு கிரீனும் அவருடைய சக ஆய்வாளர்களும் நான்கு களச் சோதனைகள் நடத்தி 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஒரு நாடாளுமன்ற வேட்பாளர், ஆல்பனி நகர மேயர் பதவிக்கு நின்றவர், வர்ஜீனியா ஆளுநர் தேர்தல், பென்சில்வேனியாவின் கம்பர்லாந்து கவுண்டியில் (மாவட்டம் போன்றது) நடந்த தேர்தல் ஆகியவை அவர்களின் களங்கள். எந்த வாக்குச்சாவடிப் பகுதியில் பலகை நடுவது, எதை விட்டுவிடுவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். அதுதான் முக்கியம். ஆதரவாளர்கள் நிறைந்த இடத்தில் பலகையும் நிறைய இருக்கும், ஓட்டும் நிறைய விழும். குலுக்கல் இல்லாவிட்டால் எது காரணம், எது விளைவு என்று பிரிக்கவே முடியாது.

நான்கையும் சேர்த்துப் பார்த்தபோது, பலகை வைத்தவரின் வாக்கு விகிதம் சராசரியாக 1.7 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது. பத்து சதவீதத்தில் தோற்கவிருப்பவரை இது காப்பாற்றாது. ஆனால் 2017-இல் வர்ஜீனியாவின் 94-ஆவது சட்டமன்றத் தொகுதியில் இரண்டு வேட்பாளர்களும் சமமாக வாக்கு வாங்கினார்கள். பெயர்களை எழுதி, பீங்கான் கிண்ணத்தில் போட்டு, ஒன்றை எடுத்து வெற்றியாளரை அறிவித்தார்கள். அப்படிப்பட்ட தொகுதியில் 1.7 எவ்வளவு பெரிய எண் என்று எண்ணிப் பாருங்கள்.

நாஷ்வில், டென்னசி: பலகையில் பெயரைத் தவிர ஒன்றுமே இல்லை. கொள்கை இல்லை, சாதனை இல்லை. வெறும் பெயர் எப்படி மனத்தை மாற்றும்?

இதற்கு விடை உங்கள் ஊரிலேயே கிடைத்திருக்கிறது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் சிண்டி காம், எலிசபெத் செக்மைஸ்டர் இருவரும் 'பென் கிரிஃபின்' என்ற பெயரைப் பலகையில் எழுதி, நாஷ்வில் நகர மன்றத் தேர்தல் சமயத்தில், பள்ளிக்குச் செல்லும் சாலையோரத்தில் நட்டார்கள். அப்படி ஒரு வேட்பாளரே கிடையாது. பிறகு அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரிடம், நகர மன்றத்துக்கு யாரையெல்லாம் ஆதரிப்பீர்கள் என்று கேட்டார்கள். பலகை இருந்த சாலை வழியாகப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டவர்களில், மற்றவர்களைவிடக் கூடுதலானோர் இல்லாத அந்த மனிதரைத் தங்கள் முதல் மூன்று பேரில் ஒருவராகச் சொன்னார்கள்.

பழகிய பெயர்மேல் நமக்கு ஒரு சாய்வு வந்துவிடுகிறது. அடிக்கடி பார்த்தது பிடித்துப்போகும் என்பதை உளவியலாளர் ராபர்ட் சயோன்க் 1968-இலேயே காட்டினார். காமும் செக்மைஸ்டரும் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: கேள்விப்பட்ட பெயராக இருந்தால், 'இவர் ஜெயிக்கக் கூடியவர் போலிருக்கிறது' என்று வாக்காளர் எண்ணிக்கொள்கிறார். ஆனால் ஒருவர் ஏற்கெனவே பதவியில் இருப்பவர் என்பது போன்ற உருப்படியான தகவல் கையில் கிடைத்ததும் வெறும் பெயரின் ஈர்ப்பு மங்கிவிடுகிறது. பலகை தகவல் இல்லாத இடத்தில்தான் வேலை செய்கிறது.

பிளேனோ, டெக்சாஸ்: அப்படியானால் அதிபர் தேர்தலுக்குப் பலகை வைப்பது வீணா?

ஓட்டு சேர்க்கும் நோக்கம் என்றால், ஏறக்குறைய வீண்தான். அதிபர் வேட்பாளரின் பெயர் தெரியாதவர் யார்? ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் என்ற இரண்டு அறிஞர்கள் 49 களச் சோதனைகளைத் தொகுத்து 2018-இல் எழுதினார்கள். பொதுத்தேர்தலில் பிரசாரத் தொடர்பால் மனம் மாறி வேறு வேட்பாளருக்கு ஓட்டுப் போடுவது சராசரியாகப் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்கும்போது, பெரும்பாலோர் அதைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள்.

உங்கள் மாநிலத்தில் நகர மன்றத்துக்கும் பள்ளி வாரியத்துக்கும் பெரும்பாலும் மே மாதத்தில், கட்சிப் பெயர் இல்லாமல் தேர்தல் நடக்கிறது. வருகிறவர்கள் சிலரே. வந்தவர்களுக்கும் பாதிப் பெயர்கள் புதிது. நம் பிள்ளைகளின் பள்ளி பற்றிய பல முடிவுகள் அங்கேதான் எடுக்கப்படுகின்றன. தயவுசெய்து உங்கள் பலகையை அந்தத் தேர்தலுக்கு வையுங்கள்.

பென்சில்வேனியா: எங்கள் தெருவில் எங்கு திரும்பினாலும் ஒரே வேட்பாளரின் பலகைதான். அவர் வெற்றி உறுதி என்கிறார் என் கணவர்.

அவரிடம் சொல்லுங்கள்: பலகைக்கு ஓட்டு கிடையாது. பிரசார அலுவலகங்களில் தினமும் காதில் விழும் பேச்சு இது. பலகை வைப்பவர் யார்? சொந்த வீடும் புல்வெளியும் உள்ளவர், தன் சார்பை வெளியே காட்டத் தயங்காதவர். அடுக்குமாடியில் இருநூறு குடும்பங்கள் இருந்தாலும் பலகை நட ஒரு சாண் புல் இருக்காது. அவர்கள் ஓட்டும் எண்ணப்படும். ஒரு தெருவின் பலகைகள் அங்கே யாருக்கு ஆர்வம் பொங்குகிறது என்பதைத்தான் காட்டும்.

சியாட்டில்: நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன் அக்கா. பலகை வைக்கலாமா?

கருத்துச் சொல்லும் உரிமை உங்களுக்கும் உண்டு தம்பி. ஊதியம் வாங்காமல் தன்னார்வலராக வேலை செய்யவும் தடையில்லை. பணத்தில்தான் கவனம் தேவை. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் அமெரிக்கத் தேர்தல் எதற்கும் நன்கொடை தரக் கூடாது. பிரசாரக் குழுவிடம் விலை கொடுத்து வாங்கும் பலகை, சட்டை, தொப்பி எல்லாமே நன்கொடைக் கணக்கில் சேரும். ஆகவே எதையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஓட்டு மட்டும் கிடையாது.

கேட்டி, டெக்சாஸ்: பலகையை எடுக்கச் சொல்லி எங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது.

தேதியைப் பாருங்கள். தேர்தலுக்கு 90 நாள் முன்பிருந்து, தேர்தல் முடிந்து பத்தாம் நாள் வரும்வரை உங்கள் மனையில் பலகை வைப்பதைச் சங்கம் தடுக்க முடியாது என்று டெக்சாஸ் சட்டம் சொல்கிறது. ஒரு வேட்பாளருக்கு ஒரு பலகைதான், அதுவும் தரையில் ஊன்றியதாக இருக்க வேண்டும் என்று சங்கம் நிபந்தனை போடலாம். இவற்றுக்குள் நீங்கள் இருந்தால், சட்டத்தைச் சுட்டிக்காட்டி மரியாதையாகப் பதில் எழுதுங்கள்.

தடுப்பது சங்கமாக இல்லாமல் நகராட்சியாக இருந்தால் உங்கள் பக்கம் இன்னும் பலமானது. மிசௌரி மாநிலத்தின் லடூ நகரில் மார்கரெட் கில்லியோ என்ற பெண்மணி 1990 டிசம்பரில், வளைகுடாப் போர் வேண்டாம் என்று எழுதிய பலகையைத் தன் வீட்டு முன்னால் வைத்தார். அது காணாமல் போனது. இன்னொன்று வைத்தார், யாரோ தள்ளிவிட்டிருந்தார்கள். போலீஸில் சொன்னபோது, இந்த ஊரில் இப்படிப் பலகை வைப்பதே தவறு என்றார்கள். அவர் வழக்குப் போட்டார். பிறகு மாடி ஜன்னலில், நாம் கடிதம் எழுதும் தாள் அளவில், அமைதி வேண்டும் என்று எழுதி ஒட்டினார். நகராட்சி அதையும் தடுக்கும் வகையில் புதிய விதி கொண்டுவந்தது. 1994-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் நின்றார்கள். தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ், வீட்டுப் பலகைக்கு ஈடாக வேறொன்று இல்லை என்றார்: செலவு குறைவு, சொல்பவர் யார் என்பதை அந்த வீடே சொல்லிவிடுகிறது, அண்டை வீட்டாரை நேரே சென்று சேர்கிறது. எத்தனை ஆய்வு வந்தாலும் பலகையைப் பற்றி இதைவிடச் சரியாகச் சொன்னவர் இல்லை என்பது என் எண்ணம்.

மதுரை: நம் ஊர்ச் சுவர் விளம்பரத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நம் ஊரில் கட்சிக்காரர்கள் முன்கூட்டியே வந்து, கட்சிப் பெயரையும் ஆண்டையும் எழுதிச் சுவரை முன்பதிவு செய்துவிடுவார்கள். வீட்டுக்காரரின் சம்மதம் பல இடங்களில் பெயரளவுக்குத்தான். அதனால் சுவரைப் பார்த்து உள்ளே இருப்பவர் மனத்தை அறிய முடியாது. அது கட்சியின் பலத்தைக் காட்டும், சின்னத்தைக் கண்ணில் பதிக்கும். இங்குள்ள பலகை அந்தக் குடும்பமே கையெழுத்துப் போட்டுத் தருவது போன்றது.

நேப்பர்வில், இல்லினாய்: எதிர்க்கருத்து உள்ளவர்கள் அதிகம் வாழும் தெரு எங்களுடையது. பலகை வைத்தால் பழக்கம் கெடுமா அக்கா?

அதிபர் தேர்தல் என்றால் கெடக்கூடும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். பள்ளி வாரியம், நூலக வாரியம் என்றால் துணிந்து வையுங்கள். நாயோடு நடக்க வரும் பக்கத்து வீட்டுக்காரர் நின்று, 'யார் இவர், உங்களுக்குத் தெரியுமா?' என்று கேட்பார். அந்த இரண்டு நிமிடப் பேச்சு பலகையைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது.

மிச்சிகன்: என்னிடம் இருப்பது ஒரு சனிக்கிழமை மட்டும். பலகை நடட்டுமா, கதவைத் தட்டட்டுமா?

கதவைத் தட்டுங்கள். 1998-இல் நியூ ஹேவன் நகரில் ஆலன் கெர்பரும், மேலே சொன்ன டொனால்டு கிரீனும் சோதித்தார்கள். நேரில் போய்ப் பேசியதால் ஓட்டுப் போட வந்தவர்கள் கணிசமாகக் கூடினார்கள். வாடகைக்கு அமர்த்திய தொலைபேசி அழைப்புகளால் பயனில்லை.

பிரீமான்ட், கலிபோர்னியா: தேர்தல் முடிந்த பிறகு பலகையை என்ன செய்வது?

முதலில் கம்பியை உருவி எடுங்கள். அது பழைய இரும்பாகப் போகும். பலகை பாலிபுரோப்பிலீன் நெளி அட்டை. வீட்டு மறுசுழற்சித் தொட்டியில் பல நகராட்சிகள் அதை ஏற்பதில்லை. உங்கள் ஊரில் எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போடுங்கள். வேட்பாளர் மறுபடி நிற்கப் போகிறார் என்றால் அவருடைய அலுவலகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். சிறிய பிரசாரங்களுக்கு அச்சுச் செலவு மிச்சம்.