யார் கைக்கு எட்டும் தூரம்?

கேள்வி: ஆசிரியர் ஐயா, சென்ற ஆண்டு வீட்டைப் புதுப்பித்து மாடுலர் கிச்சன் போட்டோம். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது; வேலையும் சீக்கிரம் முடிகிறது. ஆனால் பழைய சமையலறையில் என் மாமியாரும் நானும் என் மகளும் மணிக்கணக்கில் பேசுவோம். இப்போது பாட்டிக்கும் பேத்திக்கும் இடையில் ‘சாப்பிட்டாயா?’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. செல்போன்தான் காரணமா?
— வாசகி, ஓசூர்

பதில்: செல்போனை இந்த ஒரு முறை விட்டுவிடுங்கள், அம்மா. இந்தப் பக்கத்துக்கு வரும் குடும்பக் கேள்விகளில் பாதி அதன் தலையில்தான் போய் விழுகின்றன. விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ‘எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்’ என்கிறீர்களே, யாருடைய கைக்கு? ஒரே ஒருவர் கைக்கு.

ஒருவர் கைக்கு மட்டும் எட்டும் இந்தச் சமையலறை அளவுக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு. 1926இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற வியன்னா கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் குறுகிய சமையலறைதான் முன்மாதிரி. எந்த வேலைக்கு எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது, எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கணக்குப் பார்த்து அடுப்பும் தொட்டியும் அலமாரியும் வைத்தார்கள். சுமார் 10,000 வீடுகளில் அது அமைந்தது. வெளியே வேலைக்கும் போய் வீட்டிலும் உழைக்கிற பெண்ணுக்கு நேரம் மிச்சமாக வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். நாஜிகளை எதிர்த்துச் சிறைக்குப் போன அந்த அம்மையார் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அதை வடிவமைக்கும் வரை தான் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். அந்தக் கணக்கில் இரண்டாவது ஆள் இல்லை. நம் ஊர் மாடுலர் கிச்சன் அதன் வழிவந்ததுதான்.

உங்கள் புதிய சமையலறையில் நின்று பாருங்கள். சமைப்பவர் முகம் சுவரைப் பார்க்கிறது; பேச வருகிறவர் முதுகோடு பேச வேண்டும். மாமியாருக்கு முழங்கால் வலி இருந்தால் நிற்க முடியாது. நாற்காலி போட்டால் டிராயர் திறக்காது. அவர் கூடத்துக்குப் போய்விடுவார். பேத்தி தன் அறைக்குப் போய்விடுவாள். ஒருவர் மீதும் தப்பில்லை. இடம் இல்லை, அவ்வளவுதான்.

இப்படி எழுதியதும் ‘அந்தக் காலச் சமையலறையே சொர்க்கம்’ என்று சிலர் கடிதம் போடுவார்கள். அவர்களோடு எனக்கு வெகுநாள் சண்டை. விறகுப் புகையில் இருமி இருமி ஓய்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மருமகள் வாய் திறக்கவே அஞ்சிய சமையலறைகளும் அவைதாம். வெட் கிரைண்டரைக் கொடுத்துப் பெண்களின் தோள்வலியைக் குறைத்த கோவைப் பட்டறைகளுக்கு நான் நன்றி சொல்கிறவன். பழைய அடுப்பு திரும்பி வர வேண்டாம். எதிரெதிரே உட்கார்ந்து செய்கிற வேலை மட்டும் வேண்டும்.

உங்கள் ஊர்ப்பக்கம் மொச்சை பிதுக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். காயை உரித்து, கொட்டையை ஊறவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தோல் விரலில் தங்கும். பருப்பு நழுவிப் பாத்திரத்தில் விழும், சில சமயம் எதிரே இருப்பவர் மடியில் விழும். ஒரு குழம்புக்கே நூற்றுக்கணக்கில் பிதுக்க வேண்டும். தனியாகச் செய்தால் சலிப்பு தட்டும். மூன்று பேர் உட்கார்ந்தால் பேசாமல் இருக்க முடியாது. கண் பருப்பின் மேல் இருப்பதால் முகத்தைப் பார்க்க வேண்டியதும் இல்லை. “உங்களை ஏன் பாட்டி எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள்?” என்று ஒரு பெண் அப்போதுதான் கேட்பாள். பாட்டி உடனே சொல்ல மாட்டார். நாலு கொட்டை பிதுக்கிவிட்டுச் சொல்வார். சோபாவில் உட்காரவைத்து நேருக்கு நேர் கேட்டால் ‘அதெல்லாம் எதற்கு இப்போது’ என்று எழுந்துவிடுவார்.

உரித்த பூண்டும் நறுக்கிய வாழைப்பூவும் பாக்கெட்டில் கிடைக்கின்றன. அவசரமான நாட்களில் தாராளமாக வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமையும் வாங்க வேண்டுமா?

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் ஓர் ஆணைக்கூடக் காணவில்லை. பாட்டியும் பேத்தியும் பேசவில்லை என்று பலர் எழுதுகிறார்கள். பாட்டியும் பேரனும் பேசவில்லை என்று இதுவரை ஒருவரும் எனக்கு எழுதியதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88. இரண்டுமே அந்த வேலையைச் செய்கிறவர்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி; அதில் கையே வைக்காத ஆண்கள் இந்தக் கணக்கில் இல்லை. சமையலறைப் பேச்சை வம்பு என்று ஒதுக்கிய ஆண்கள் எதை இழந்தார்கள் என்பது மருத்துவமனையில் தெரியும். “உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை, இதய நோய் இருந்ததா?” என்று டாக்டர் கேட்டதும் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லத் தெரியாமல் மனைவியின் முகத்தைப் பார்க்கிற ஆண்கள் எத்தனை பேர்! மாமனார் எதனால் இறந்தார் என்பது மருமகளுக்குத் தெரிந்திருக்கும். அடுப்படியில் கேட்டிருப்பார்.

சமையலறையை இடிக்க வேண்டாம். கூடத்தில் பாய் விரியுங்கள். மாமியாருக்கு உயரமான முக்காலி போடுங்கள். மார்கழி, தையில் மொச்சை வரும்போது உரிக்காத காயாக இரண்டு கிலோ வாங்கிக் கொட்டுங்கள். மகளோடு உங்கள் கணவரையும் உட்காரவையுங்கள். மகன் இருந்தால் அவனும் உட்காரட்டும். பிறகு நீங்கள் எழுந்துபோய் ஒரு மணி நேரம் படுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கே இருந்தால் பாட்டியும் பேத்தியும் உங்கள் வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள்.