நாடகம் ஏழரைக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு?

மகள் லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறாள். ஜூனில் போகிறோம். தியேட்டர்கள் நிறைந்த வெஸ்ட் எண்ட் பகுதியில் ஒரு மியூசிகலுக்கு (பாட்டு நாடகம்), சனிக்கிழமை இரவு ஏழரை மணி ஷோவுக்கு டிக்கெட் போட்டிருக்கிறாள். நானும் அவரும் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அந்தப் பக்கம் எங்கே சாப்பிடுவது? ஸ்ட்ராண்டில் தோசை போடும் இந்தியா கிளப் இன்னும் இருக்கிறதா?
- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

இந்தியா கிளப் இல்லை அம்மா. 1951-ல் தொடங்கியது, 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். கட்டடத்துக்காரர் இடத்தை மாற்றிக் கட்டப் போகிறார் என்பதுதான் பிரச்சினை. பிரிட்டனில் நம் முதல் ஹைகமிஷனராக இருந்த கிருஷ்ண மேனன் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட இடம் அது, அங்கே மாடியேறிப் போய் மசால் தோசை சாப்பிட்டவர்கள் இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

எந்தக் கடை என்பதைவிட எத்தனை மணிக்கு என்பதுதான் அங்கே முக்கியம். ஏழரை மணி ஷோ என்றால் ஏழே காலுக்கு சீட்டில் இருக்க வேண்டும், அதனால் அந்த வட்டாரம் முழுக்க ஐந்தரையிலிருந்து ஏழு வரை ஒரே நேரத்தில் பசிக்கும். நம் ஊர் வழக்கப்படி ஆறரைக்குக் கிளம்பி ஆற அமரச் சாப்பிடலாம் என்று போனால் வாசலில்தான் நிற்பீர்கள். ஐந்து மணிக்கென்று டேபிளை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள், உட்கார்ந்தவுடன் "ஏழரைக்கு ஷோ" என்று பரிமாறுபவரிடம் சொல்லிவிடுங்கள். பல ஹோட்டல்களில் இதற்கென்றே 'ப்ரீ தியேட்டர் மெனு' உண்டு. இரண்டு அயிட்டம் அல்லது மூன்று அயிட்டம், ஒரே விலை, சீக்கிரம் வந்துவிடும்.

தோசைதான் வேண்டும் என்றால் ட்ரூரி லேன் தியேட்டர் பக்கம் கேத்தரின் தெருவில் சாகர் என்று ஒரு உடுப்பி வகை சைவ ஹோட்டல் இருக்கிறது. சோஹோ தெருவில் ராதாகிருஷ்ணர் கோயிலை ஒட்டி கோவிந்தாஸ், இஸ்கான்காரர்கள் நடத்துவது. முட்டை பயம் இல்லாத இடம். மற்ற கடைகளில் ஒன்று கவனியுங்கள்: அங்கே 'வெஜிடேரியன்' என்றால் முட்டையும் சேர்த்திதான். 'வீகன்' என்று கேட்டால் முட்டை வராது, கூடவே நெய்யும் பாலும் போய்விடும். ஒரு வேளைதானே.

லெஸ்டர் சதுக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் கடைகளில் மட்டும் உட்காராதீர்கள். அங்கே வாடகையும் நம் பில்லில்தான். இரண்டு தெரு தள்ளி நடந்தால் போதும்.

போகும் வழி: ஈஸ்ட்ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் மெட்ரோ ரயிலில் நேராக டெம்பிள் ஸ்டேஷன், அங்கிருந்து கேத்தரின் தெருவுக்குப் பத்து நிமிட நடை. மேப் காட்டுகிறதே என்று கோவென்ட் கார்டன் ஸ்டேஷனில் இறங்கி, லிஃப்டுக்குக் கூட்டம் என்று படியில் ஏறிவிடாதீர்கள். 193 படி. உச்சிப்பிள்ளையார் கோயிலுக்கு ஏறிய கால் என்றாலும் பட்டுப்புடவையோடு வேண்டாம்.

முறுக்கு எடுத்துக்கொண்டு தியேட்டருக்குள் போகலாமா? இடைவேளையில் என்ன கிடைக்கும்?
- அதே வாசகியின் கணவர்

(ஒரே கடிதத்தில் தனி மையில் எழுதியிருக்கிறார்.) வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், வெளித் தீனியைப் பல தியேட்டர்களில் விடமாட்டார்கள். விட்டாலும் பாருங்கள், பாட்டு நின்று எல்லாரும் மூச்சுப் பிடித்திருக்கும் இடத்தில் நீங்கள் முறுக்கைக் கடிப்பீர்கள்.

இடைவேளைக்கு அங்கே ஐஸ்க்ரீம்தான் சம்பிரதாயம். ஊழியர் ஒருவர் கழுத்தில் ட்ரேயை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார், சின்ன டப்பா, மூடிக்குள்ளேயே குட்டிக் கரண்டி ஒளிந்திருக்கும். அது தெரியாமல் கரண்டிக்காக முதல்முறை நான் வரிசையில் திரும்பப் போய் நின்றேன். விலையை ரூபாயில் கணக்குப் போட்டால் தொண்டையில் இறங்காது, போடாதீர்கள். குடிப்பதற்கு ஏதாவது வேண்டுமென்றால் ஷோ தொடங்கும் முன்பே பாரில் சொல்லிப் பணம் கட்டிவிடுங்கள், இடைவேளையில் உங்கள் பெயர்ச் சீட்டோடு தயாராக இருக்கும். இல்லாவிட்டால் இருபது நிமிஷமும் கியூவிலேயே கழியும். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். அங்கேயே குடிக்க மது விற்கும் எந்த இடமும் கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும், இங்கிலாந்தில் 2010-லிருந்து சட்டமே அதுதான்.

ஷோ முடிந்த பிறகு நல்ல காபி? அப்புறம், டிப்ஸ் எவ்வளவு?
- ஒரு வாசகர், மதுரை

சோஹோ பகுதியில், ஃப்ரித் தெருவில் பார் இத்தாலியா. 1949-லிருந்து இருக்கிறது, நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். பெயரில் பார் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், காபிக்குத்தான் பேர்போனது. அந்தக் கட்டடத்தின் மாடியில்தான் 1926-ல் ஜான் லோகி பேர்ட் தொலைக்காட்சியை இயக்கிக் காட்டினார். டிகிரி காபியை எதிர்பார்க்காதீர்கள், எஸ்ப்ரெஸோவை எஸ்ப்ரெஸோவாகக் குடியுங்கள்.

டிப்ஸ் விஷயத்தில், பில்லின் அடியைப் பாருங்கள். பெரும்பாலும் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், அதற்கு மேல் தர வேண்டாம். பப்பில் கவுண்டரில் நீங்களே வாங்கிக்கொள்வதால் டிப்ஸ் கிடையாது.

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் மட்டும் காபியில் லயித்துவிட வேண்டாம். சனிக்கிழமை இரவு முழுக்க ஓடும் ரயில்களில் டிஸ்ட்ரிக்ட் லைன் சேர்த்தி இல்லை. கடைசி ரயில் எப்போது என்று மகளிடம் அன்று காலையிலேயே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.