லேபில் நன்றாக எழுதுபவர்கள் பிசிஇபி மாதிரித் தேர்வில் தடுமாறுவது பற்றி

வணக்கம். உங்கள் மாணவர்கள் லேபில் பைத்தான் நிரலை நன்றாகவே எழுதுகிறார்கள், ஆனால் பிசிஇபி (பைத்தான் தொடக்கநிலைச் சான்றிதழ்) மாதிரித் தேர்வில் 55 சதவீதத்தைத் தாண்டவில்லை, இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பாடம் போதவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கு நிரலை எழுதிப் பழக்கம், படித்துப் பழக்கம் இல்லை. லேபில் தப்பு வந்தால் ஓட்டிப் பார்த்துத் திருத்தலாம். தேர்வில் 40 நிமிடத்தில் 30 கேள்விகள், ஓட்டிப் பார்க்க வழியில்லை.

அதனால் தினமும் முதல் 15 நிமிடம் கணினியைத் தொட வேண்டாம். பத்து வரி நிரலைப் பலகையில் எழுதுங்கள். ஒவ்வொரு வரி முடிந்ததும் மாறிகளின் மதிப்பு என்ன என்று நோட்டில் அட்டவணை போடட்டும். விடை எழுதிய பிறகுதான் ஓட்டிப் பார்க்க வேண்டும். தப்பாக எழுதியவரிடம் ஏன் அப்படி நினைத்தார் என்று பொறுமையாகக் கேளுங்கள். என் வகுப்பில் பாதிக் குழப்பம் அந்தப் பேச்சில்தான் தீர்ந்தது.

வழக்கமாக விழும் இடங்கள் சில உண்டு. 2 ** 3 ** 2 (** என்பது அடுக்குக் குறி) என்றால் 64 என்பார்கள். வலப்பக்கத்திலிருந்து கணக்கிடுவதால் விடை 512. -7 // 2 என்பது -3 அல்ல, -4; // வகுத்து வரும் விடையைக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கும். அப்புறம் லிஸ்ட், அதாவது பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல். ஒரு லிஸ்ட்டைச் சமக்குறி போட்டு வேறொரு பெயருக்குக் கொடுத்தால் நகல் உருவாகாது, இரண்டு பெயரும் ஒரே லிஸ்ட்டைத்தான் சுட்டும். இதற்கு மட்டும் இரண்டு நாள் ஒதுக்கி, பெட்டியும் அம்பும் வரைந்து காட்டுங்கள்.

தேர்ச்சிக்கு 70 சதவீதம் வேண்டும். ஃபங்ஷனுக்கும் எக்செப்ஷனுக்கும் (நிரல் ஓடும்போது வரும் பிழைகள்) சேர்த்தே மதிப்பெண்ணில் 28 சதவீதம் போகிறது. எக்செப்ஷனைக் கடைசி வாரத்துக்குத் தள்ளியிருந்தால் இப்போதே முன்னால் கொண்டு வாருங்கள். முழு மாதிரித் தேர்வு வாரத்துக்கு ஒன்று போதும்.