அலுமினியம் துருப்பிடிக்காதா? யார் சொன்னது!

போன இதழில், இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் கடலடியிலிருந்து 2013-ல் தூக்கியெடுத்த டோர்னியர் 17 என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வெளியே எடுத்த பிறகும் அதன்மேல் வருடக்கணக்கில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதம். அதனால் இந்த வாரம் சினிமா, அரசியல் கேள்விகளுக்கெல்லாம் விடுமுறை.

அலுமினியம்தான் துருப்பிடிக்காதே. துடைத்துக் காயவைத்தால் போதாதா? எதற்கு வருடக்கணக்கில் தண்ணீர்? (வாசகர், திண்டுக்கல்)

உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அலுமினியப் பாத்திரத்தில் ஊறுகாய் போட்டு வைக்க விடமாட்டார்கள். உப்பும் புளிப்பும் பட்டால் முதலில் கருக்கும், அப்புறம் புள்ளி புள்ளியாகக் குழி விழும், ஒருநாள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஊசித்துளை தெரியும். இரும்பு போலச் சிவப்பாகத் துருப்பிடிக்காதே தவிர, அலுமினியமும் அரித்துப்போகும், வெள்ளைப் பொடியாகப் பூத்து உதிரும்.

விமானத் தகடு நம் வீட்டுப் பாத்திரத்தை விட மோசம். வெறும் அலுமினியம் பறக்கும் அளவுக்கு வலுவாக இருக்காது, அதனால் நாலு சதவீதம் போலச் செம்பு கலந்து டியூராலுமின் என்ற கலவையாக்குவார்கள். வலு வந்துவிடும், ஆனால் செம்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து கிடந்தால் தகட்டுக்குள்ளேயே குட்டிக் குட்டி பேட்டரி ஓட ஆரம்பிக்கிறது. அதில் தேய்ந்துபோவது அலுமினியம். போதாததற்கு அங்கங்கே எஃகு போல்ட்டு, மக்னீசியத்தில் வார்த்த பாகங்கள். கடலில் மக்னீசியம் கிட்டத்தட்டக் கரைந்தே போய்விடும்.

இதில் விசித்திரம் என்னவென்றால், மணலுக்கடியில் புதைந்து கிடந்த வரை அது ஓரளவு பத்திரமாகத்தான் இருந்தது. அங்கே ஆக்சிஜன் குறைவு. கரைக்கு வந்து காற்றுப் பட்டதும், தகட்டின் குழிகளுக்குள் தங்கியிருந்த உப்பு ஈரத்தையும் இழுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். எழுபது வருடத்தில் ஆகாத சேதம் சில மாதத்தில் ஆகிவிடும். அதனால் காயவே விடக்கூடாது, உப்பு வெளியே வரும் வரை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காஸ்ஃபோர்டில் உள்ள பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் செய்தது அதைத்தான். நாற்றுப்பண்ணையில் இருக்குமே, அந்த மாதிரி பிளாஸ்டிக் கூடாரம் இரண்டு போட்டு, உடற்பகுதியையும் இறக்கைகளையும் உள்ளே வைத்து, சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரைத் தூவிக்கொண்டே இருந்தார்கள். எலுமிச்சம்பழத்தில் இருக்கும் அதே புளிப்புத்தான், நாம் புளி போட்டுப் பித்தளை துலக்குவதற்கு அண்ணன் தம்பி. ஒட்டியிருந்த சிப்பியும் கடல் பாறைப்படிவும் இளகிவிடும், உப்பும் மெல்ல வெளியேறும். ஆனால் புளிப்பு கொஞ்சம் கூடினாலும் அலுமினியத்தையே தின்றுவிடும் என்பதால் அமிலத்தை முறிக்கும் காரம் சேர்த்துப் பதமாக வைத்தார்கள். இந்தப் பதத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது லண்டன் இம்பீரியல் கல்லூரி.

ஒரு பழைய எதிரி விமானத்துக்கு இவ்வளவு செலவா? (வாசகி, கோவை)

2,000-க்கும் மேல் செய்த விமானம் அது. இன்று உருப்படியாக மிஞ்சியிருப்பதாகத் தெரிந்தது இது ஒன்றுதான். 1940 ஆகஸ்ட் 26-ல் சுட்டு வீழ்த்தினார்கள், நாலு பேரில் இரண்டு பேர் இறந்தார்கள், இரண்டு பேர் சிறைப்பட்டார்கள். குட்வின் மணல்திட்டில் தலைகீழாகக் கிடந்தது, ஆழம் சுமார் 15 மீட்டர். சுற்றிலும் சட்டம் கட்டித் தூக்குவதாகத்தான் முதலில் திட்டம். காற்றும் அலையும் விடாமல் நாட்களைத் தின்றதால் அதைக் கைவிட்டு, கடைசியில் கம்பிவடம் மாட்டி ஜூன் 10-ஆம் தேதி ஒரே தூக்கு. நல்லவேளை, முதுகு முறியவில்லை.

இவ்வளவு பாடுபடுபவர்கள் அப்படியே புதிதாக்கி, பெயின்ட் அடித்து, பளபளவென்று நிறுத்தலாமே? (வாசகர், மதுரை)

மதுரைக்காரரிடமிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ஆச்சரியம்தான். திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சு அடித்துச் சுத்தம் செய்த கல்தூண்களை நீங்கள் பார்த்திருப்பீர்களே! அழுக்கு போயிற்று, கூடவே சிற்பத்தின் மூக்கு நுனியும் கல்வெட்டின் எழுத்தும் போயின. விமானத்திலும் அதே சண்டைதான்.

இரண்டு விமானங்களைச் சொல்கிறேன், பார்த்துவிட்டு நீங்களே கட்சி பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது ‘மெம்ஃபிஸ் பெல்’, அமெரிக்க பி-17. ஐரோப்பாவின் மேல் 25 தாக்குதல் முடித்து 1943-ல் தாய்நாடு திரும்பிய முதல் அமெரிக்கக் கனரகக் குண்டுவீச்சு விமானம். ஊர் ஊராகக் காட்டிப் போர்க்கடன் பத்திரம் விற்றார்கள். போர் முடிந்ததும் கிட்டத்தட்டக் காயலான் கடைக்குப் போய்விட்டது. மெம்ஃபிஸ் நகரம் 350 டாலர் கொடுத்து மீட்டுக்கொண்டு போனது. மீட்டதோடு சரி. பல வருடம் வெயிலிலும் மழையிலும் நின்றது, கைக்குக் கிடைத்ததை ஆளாளுக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள். 2005-ல் டேட்டனில் உள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்துக்கு வந்து, பதின்மூன்று வருடம் வேலை நடந்து, 2018 மே 17-ல், அதாவது அதன் குழுவினர் 25-ஆவது தாக்குதலை முடித்த 75-ஆம் ஆண்டு நாளில், திரை விலக்கினார்கள். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை.

இரண்டாவது ஹாலிஃபாக்ஸ், பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம், எண் டபிள்யூ 1048. 1942 ஏப்ரலில் நார்வேயில் ‘டிர்பிட்ஸ்’ என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்கப் போய், அடிபட்டு, உறைந்த ஏரி ஒன்றின் பனிக்கட்டி மேல் வயிற்றால் இறங்கியது. எல்லோரும் பிழைத்தார்கள். கால் முறிந்த ஒருவர் மட்டும் சிறைப்பட, மற்றவர்கள் சுவீடனுக்குத் தப்பினார்கள். சில மணி நேரத்தில் பனி உடைந்து விமானம் ஏரிக்குள் போய்விட்டது. 1973-ல் வெளியே எடுத்து லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தவர்கள், சுத்தம் செய்து, மேலும் கெடாமல் பார்த்துக்கொண்டு, அந்தக் கோலத்திலேயே வைத்துவிட்டார்கள். கசங்கிய தகடும் பிய்ந்த ஓரங்களுமாக அப்படியே.

நான் ஹாலிஃபாக்ஸ் கட்சி. புதிதாக்கிய விமானத்தைப் பார்த்தால் ‘எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள்’ என்று அதைப் பழுதுபார்த்தவர்கள் ஞாபகம்தான் வருகிறது, ஹாலிஃபாக்ஸைப் பார்த்தால் அதற்குள் உட்கார்ந்திருந்த பையன்கள் ஞாபகம் வருகிறது. இதை எல்லா விமானத்துக்கும் சட்டமாகச் சொல்லமாட்டேன். மெம்ஃபிஸ் பெல் கோலம் கெட்டது சண்டையில் இல்லை, போருக்குப் பிந்தைய அலட்சியத்தில். அந்த அலட்சியத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டி என்ன ஆகப்போகிறது? ஒன்று மட்டும் கட்டாயம், புதிதாகச் செய்து மாட்டிய பாகம் எது, பழையது எது என்று நாளைக்கு வருகிறவனுக்குத் தெரியும்படி குறித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது திருத்தல் இல்லை, கள்ளக் கையெழுத்து.

நல்ல தண்ணீரில் விழுந்தால் பிழைத்துக்கொள்ளுமா? (வாசகர், நாகர்கோவில்)

கடலை விட எவ்வளவோ தேவலை. ஸ்காட்லாந்தில் லாக் நெஸ் ஏரி இருக்கிறதே, பூதம் இருப்பதாகக் கதை கட்டுவார்களே, அங்கே 1976-ல் ஒரு அமெரிக்கக் குழு ஒலியலைக் கருவி வைத்துப் பூதத்தைத் தேடியபோது கிடைத்தது ஒரு வெலிங்டன் குண்டுவீச்சு விமானம். 1940 டிசம்பர் 31-ல் பயிற்சியின்போது என்ஜின் கோளாறாகி ஏரியில் இறக்கியது. சுமார் 70 மீட்டர் ஆழத்தில் குளிர்ந்த நல்ல தண்ணீரில் கிடந்ததை 1985-ல் தூக்கினார்கள். வால் விளக்குக்கு இந்தக் காலத்து 12 வோல்ட் பேட்டரியை இணைத்துப் பார்த்தால், எரிந்தது! நாற்பத்தைந்து வருடம் தண்ணீருக்கடியில் இருந்த பல்பு. நான் போன வருடம் வாங்கிய எல்இடி பல்பு மூன்று மாதத்தில் கண்ணை மூடிவிட்டது.

அந்த வெலிங்டன் இப்போது புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்தில், அது பிறந்த இடத்திலேயே நிற்கிறது. பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த எலும்புக்கூடு, கூடை முடைந்த மாதிரி அலுமினியப் பின்னல், அதன்மேல் துணி போர்த்தியிருப்பார்கள். துணி போய்விட்டதால் பின்னல் முழுக்கத் தெரிகிறது, அதுவும் நல்லதுக்குத்தான்.

இந்த வேலையில் ஆபத்து உண்டா? (வாசகி, சேலம்)

உண்டு. காக்பிட் கடிகாரங்களின் முள்ளும் எண்ணும் இருட்டில் ஒளிரட்டும் என்று அந்தக் காலத்தில் ரேடியம் கலந்த பெயின்ட் அடித்தார்கள். இப்போது ஒளிராது, ஒளிர்கிற பொருள் செத்துவிட்டது. ஆனால் ரேடியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். கண்ணாடி உடைந்து பொடி மூச்சில் போனால் வம்பு. தகட்டின் உட்புறத்தில் தெரியும் மஞ்சள் பச்சைப் பூச்சு குரோமியம் கலந்தது, அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வரும் தூசி புற்றுநோய் தரக்கூடியது. சில இடங்களில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். வெடிக்காத தோட்டா இருந்தால் ராணுவத்தைக் கூப்பிட வேண்டும்.

பறக்க வைத்துக் காட்டுவதுதானே விமானத்துக்கு மரியாதை? (வாசகர், ஈரோடு)

பறக்கும் லங்காஸ்டர் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தின் சத்தத்தைக் கேட்க எனக்கும் ஆசை உண்டு. 7,377 செய்ததில் இன்று பறப்பது இரண்டு, ஒன்று இங்கிலாந்தில், ஒன்று கனடாவில். ஆனால் 2019 அக்டோபரில் கனெக்டிகட்டில் ஒரு பி-17 விழுந்து ஏழு பேர், 2022 நவம்பரில் டாலஸ் விமானக் காட்சியில் இன்னொரு பி-17 நடுவானில் மோதி ஆறு பேர். மிச்சமிருப்பது விரல்விட்டு எண்ணும் அளவு. நான் பார்வையாளராக இருந்தால் கைதட்டுவேன், காப்பாளராக இருந்தால் சாவியை ஒளித்து வைத்துவிடுவேன்.

எல்லாம் வெள்ளைக்காரன் கதையாகவே இருக்கிறதே, நம் பக்கம் ஒன்றும் இல்லையா? (வாசகர், யாழ்ப்பாணம்)

உங்கள் ஊரிலிருந்தே ஆரம்பிக்கலாம். போர்க்காலத்தில் காங்கேசன்துறை ஓடுதளத்திலிருந்து, இன்றைய பலாலிதான், 1944-ல் பிரிட்டிஷ் விமானப்படையின் 160-ஆவது அணியின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் பறந்தன.

போர் முடிந்ததும் கான்பூரில் அந்த ரக விமானங்கள் வரிசையாக நின்றன. அமெரிக்காவிடம் இரவல் வாங்கியவை, ஒப்பந்தப்படி இன்னொருவர் கைக்குப் போகக்கூடாது. எனவே ஆங்கிலேயர்கள் கிளம்பும்போது என்ஜினில் மணலைக் கொட்டி, கருவிகளை உடைத்து, இனி எழுந்திருக்கக் கூடாது என்று பாழாக்கிவிட்டுப் போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை ஆட்கள் அங்கே போய், இதிலிருந்து அது, அதிலிருந்து இது என்று கழற்றி மாட்டி, ஒரு தடவை பறக்கும் அளவுக்குத் தேற்றினார்கள். அந்த ஒட்டுப்போட்ட விமானங்களைக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு வந்தவர் எச்.ஏ.எல்.-இன் தலைமைச் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி. பாராட்டுவதா திட்டுவதா தெரியவில்லை, அப்படியொரு துணிச்சல். பெங்களூரில் முழுசாகப் பிரித்துச் சரிசெய்து சுமார் நாற்பது விமானங்கள் நம் விமானப்படையில் சேர்ந்தன. 1968 கடைசி வரை ஓடின.

அடுத்ததுதான் வேடிக்கை. அதற்குள் மற்ற நாடுகள் தங்கள் லிபரேட்டர்களைக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் உருக்கிச் சட்டி பானையாக்கிவிட்டன. 18,000-க்கும் மேல் செய்த ரகம், அருங்காட்சியகத்துக்கு ஒன்று வேண்டும் என்றால் ஆளில்லை. எல்லோரும் இந்தியாவிடம் வந்தார்கள். கனடாவுக்கு 1968-ல் ஒன்று, அமெரிக்காவில் அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்துக்கு 1969-ல் ஒன்று. பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு 1974-ல் ஒன்றை நாம் அன்பளிப்பாகக் கொடுத்தோம், அது தன் சொந்த இறக்கையிலேயே பறந்து போய்ச் சேர்ந்தது. எந்த நாடு பாழாக்கிவிட்டுப் போனதோ அதே நாட்டுக்கு, நம்மவர்கள் பழுதுபார்த்து இருபது வருடம் ஓட்டிய ரகத்தில் ஒன்று! கையில் எட்டியதை வைத்து ஒட்டுப்போட்டுக் காலத்தை ஓட்டும் நம் பழக்கம் உலகத்துக்கே ஒரு விமானத்தைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. டில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்திலும் ஒன்று இருக்கிறது, போனால் பாருங்கள்.

ஹிரோஷிமாவில் குண்டு போட்ட விமானத்தையும் துடைத்து மெருகேற்றி வைத்திருக்கிறார்களாமே. வெட்கமாக இல்லையா? (வாசகி, தஞ்சாவூர்)

‘எனோலா கே’. 1984-ல் வேலை தொடங்கி, சுமார் 3 லட்சம் மணி நேர உழைப்பு. 1995-ல் முன்பகுதியையும் வேறு சில பாகங்களையும் மட்டும் வாஷிங்டனில் வைத்தபோது, பக்கத்தில் என்ன எழுதி வைப்பது என்பதில் பெரிய சண்டை. செத்தவர்களைப் பற்றி எழுதினால் முன்னாள் ராணுவத்தினருக்குக் கோபம், எழுதாவிட்டால் மற்றவர்களுக்கு. கடைசியில் இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் பதவி விலகினார், குறிப்புகளைச் சுருக்கிவிட்டார்கள். 2003-லிருந்து டல்ஸ் விமான நிலையத்தருகே முழு விமானமும் நிற்கிறது.

விமானத்தை வைத்ததில் எனக்கு வெட்கமில்லை, அழித்திருந்தால்தான் வெட்கம். பளபளக்கும் அலுமினியத்தின் பக்கத்தில் இறக்கை அகலம் இத்தனை, எடை இத்தனை என்று எழுதிவிட்டு ஹிரோஷிமாவில் என்ன ஆனது என்று எழுதக் கைகூசுவதுதான் உறுத்துகிறது. உலோகத்தை அரிக்கவிடாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு அந்த அட்டையில் நாலு வரி கூடுதலாக எழுதத் தெரியாதா?

தாத்தா போர்க்காலத்தில் விமானத்தளத்தில் வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்த விமானக் கருவி ஒன்று, கடிகாரம் மாதிரி, எங்கள் பரணில் இருக்கிறது. பாலிஷ் போட்டு ஷோகேஸில் வைக்கலாமா? (வாசகர், காரைக்குடி)

பாலிஷ் வேண்டாம். உலர்ந்த மெல்லிய துணியால் வெளித் தூசியை மட்டும் துடையுங்கள். கண்ணாடியைத் திறக்கவே திறக்காதீர்கள், மேலே சேலத்து அம்மாவுக்குச் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். குழந்தைகள் கைக்கு எட்டாத, ஈரம் இல்லாத இடமாகப் பார்த்து வையுங்கள், படுக்கையறை வேண்டாம். அப்புறம், தாத்தா எந்தத் தளத்தில் இருந்தார், எந்த வருடம், இது எப்படி அவர் கைக்கு வந்தது என்று வீட்டில் தெரிந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி அதோடு வைத்துவிடுங்கள். பாட்டி இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்.